இடது கைப் பூண்

என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று லாமு ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பர்கே என் தம்பி லாலியின் மனைவி. அவளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் இந்தத் தெருவில் நினைக்கிறார்கள். தொப்பி தைத்தாள், ஒரு பெண்ணைப் பெற்றாள், நோய் வந்தது, அக்கரைக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே போய்ச் சேர்ந்தாள், அவ்வளவுதான் என்கிறார்கள். அவ்வளவு இல்லை. நடுவில் நான் இருக்கிறேன்.

அவள் பிறந்தது பக்கத்துத் தீவான பாத்தேயில். அப்பா மீன் வலை பின்னுகிறவர். பதினாறு வயதில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். கொண்டுவந்தது ஒரு மரப்பெட்டி, இரண்டு செப்புத் தட்டு, ஓயாத கை. முதல் வாரமே என் அம்மா அவளிடம் ஒரு துணியைக் கொடுத்து ஓட்டை கட்டச் சொன்னாள். அவள் கட்டிக் கொடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஷம்ஸா, நீ இத்தனை வருஷமா தைக்கிறதெல்லாம் வேலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேனே" என்றாள் என்னிடம். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. பர்கேயோடு நான்கு நாள்.

எங்கள் ஊர் ஆண்கள் தலையில் வெள்ளைத் தொப்பி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். அந்தத் தொப்பியெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் தைத்தவை. இரண்டு மடிப்பு வெள்ளைத் துணியில் பென்சிலால் கொடியும் இலையும் போட்டிருக்கும். அந்தக் கோடு நெடுகக் கடுகளவு ஓட்டைகள் போட்டு, ஒவ்வொரு ஓட்டையின் வாயையும் நூலால் கட்டி வரவேண்டும். ஒரு தொப்பிக்கு மூன்று மாதம். வலது நடுவிரல் நுனியில் குல்லா மாதிரி பூண் மாட்டி ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளுவோம். இடது ஆள்காட்டி விரல் துணிக்கு அடியில் இருக்கும். ஊசி முனை எங்கே இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, அந்த விரலுக்குத்தான் தெரியும். லேசாகத் தொட்டதுமே அது முனையை மேலே திருப்பிவிடும். அதனால் இடது விரலில் எவளும் பூண் போடமாட்டாள். போட்டால் குருடி தைத்த மாதிரி ஆகிவிடும்.

சில சமயம் முனை கொஞ்சம் ஆழமாகக் குத்தி ரத்தம் துணியில் படும். உடனே அவளவள் எச்சிலைத் தொட்டு வைத்தால் போய்விடும். அவளவள் ரத்தம் அவளவள் எச்சிலுக்குத்தான் போகும், அடுத்தவள் எச்சிலுக்குப் போகாது. காய்ந்துவிட்டால் யார் எச்சிலுக்கும் போகாது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் வைத்தியரா என்ன.

பர்கேயின் பூண் வெள்ளியால் ஆனது. கல்யாணமான வருஷம் லாலி தன் பாய்க்கப்பலில் கண்டல் மரக் கழிகளை ஏற்றிக்கொண்டு மொம்பாசா போய், திரும்பும்போது வாங்கி வந்தான். மனைவிக்கு வெள்ளி, அக்காவுக்கு ஒரு சீப்பு. சீப்புக்கும் பல் இரண்டு இல்லை. அந்தப் பூண் தைப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கையில் அதற்கு நூறு வேலை. மகள் ராயா பிறந்தபோது தேனை அளந்து நாக்கில் வைத்தது அதில்தான். தலைக்கு எண்ணெய் அதில் ஒரு அளவு, காய்ச்சல் கஷாயம் இரண்டு அளவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓதுவதில் தப்பு விட்டால் மண்டையில் அதனால் ஒரு தட்டு. டங்கென்று கேட்கும், வலிக்காது, ஆனால் அழுவார்கள். ராயா அதை உதட்டில் வைத்து ஊதி விசில் அடிப்பாள்.

என் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு பவழக்கல் சுவர். பூணால் இரண்டு தட்டு தட்டினால் 'இங்கே வா'. மூன்று தட்டு என்றால் 'காபி ஆயிற்று'. என் அம்மா வைத்த சட்டம் ஒன்றும் உண்டு. விரலில் பூண் இருக்கிற பெண்ணுக்கு யாரும் வேறு வேலை ஏவக்கூடாது. பர்கே அதைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் தேங்காயோடு வருவது தெரிந்தால் போதும், கையில் துணி இருக்கிறதோ இல்லையோ பூண் விரலில் ஏறிவிடும்.

"வீஃபி, பாத்தீங்களா, தேங்காய் உங்ககிட்டதான் வருது" என்பாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் எங்கள் ஊரில் ஒருவரையொருவர் வீஃபி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"உனக்கு உடம்பு முழுக்க வளையாத எலும்புடி" என்பேன். ஆனாலும் துருவியது நான்தான்.

ராயாவுக்கு நான்கு வயதானபோது பர்கே பூணைக் கழற்றுவதையே விட்டுவிட்டாள். வேலை செய்யாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். அம்மா காலமான பிறகு அடுப்பெல்லாம் என் தலையில் விழுந்திருந்தது. ஒருநாள் அவளாகவே வந்து எண்ணெய்ச் சட்டியில் பணியாரம் சுட்டாள். என்னவோ தீய்கிற வாசனை. பணியாரம் இல்லை. அவள் இடது கை விரல் சட்டியின் விளிம்பில் இருந்தது. நான் கையைத் தட்டிவிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். "அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு எந்த ராஜாவை நினைச்சுக்கிட்டிருக்க?" என்று திட்டினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். முட்டாள் பிறவி நான்.

அந்த வருஷம் பள்ளிவாசல் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா ஸாவ்தா என்னிடம் வந்து, தம்பிக்குத் தொப்பியைப் பர்கேதான் தைக்க வேண்டும் என்றாள். ஸாவ்தாவும் தொப்பி தைப்பவள்தான். அவள் கணவர் ஃபமாவு அரசாங்க மருந்துச் சாலையில் கட்டுப் போடுகிறவர். வெள்ளைக்கார வைத்தியர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஃபமாவுதான் வைத்தியர்.

பர்கே மூன்று மாதத்தில் தொப்பியை முடித்துக் கொடுத்தாள். கொடுத்தனுப்பும் முன் நான் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்து விளிம்பில் பழுப்பாகப் புள்ளிகள். எண்ணினேன், ஏழு. காய்ந்த ரத்தம்.

"தூங்கிக்கிட்டே தைச்சியா? ஒண்ணுன்னா சரி, ஏழு. எச்சில் தொட்டு வைக்கக்கூடவா வலிக்குது?"

அவள் தொப்பியை வாங்கிக்கொண்டு, "எங்க?" என்றாள்.

எங்கே என்று கேட்டாள். விரலில் குத்தினவளுக்கு எங்கே என்று தெரியாமல் இருக்குமா என்று நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவள் ஒவ்வொரு புள்ளியாகத் தேடிப் பார்த்தாள், நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு வைத்தாள், போகவில்லை. கடைசியில் அந்த விளிம்பைப் பிரித்துப் புதுத் துணி வைத்து, இரண்டு நாள் முதுகு நிமிராமல் மறுபடி கட்டிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பார்த்தால் அவள் இடது ஆள்காட்டி விரலில் ஒரு பித்தளைப் பூண். இந்தியர் கடையில் ஆள் விட்டு வாங்கியிருக்கிறாள். வலது கையில் வெள்ளி, இடது கையில் பித்தளை.

"என்னடி இது, ரெண்டு கையிலயும் குல்லா போட்டுக்கிட்டு? கீழ ஊசி வர்றது எப்படித் தெரியும்?"

"பழகிடுச்சு வீஃபி. இனிமே கறை படாது பாருங்க."

உண்மைதான். முனை பித்தளையில் படும் சத்தத்தை வைத்தே தைத்தாள். டிக், டிக் என்று காதால் தைத்தாள். அதுவும் என் தையலைவிட நன்றாகவே இருந்தது.

இனிமேல் சொல்லப் போவது என் வாயின் கதை.

கல்யாணத்தன்று மதியம் பெண்கள் எல்லாரும் பெரிய கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டுக்கறிச் சோறு முடிந்து அல்வாவும் இஞ்சிக் காபியும் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த மாதிரிக் கூட்டத்தில் யாராவது ஒருத்தி எழுந்து நடித்துக் காட்டுவாள். பெரும்பாலும் அந்த ஒருத்தி நான். தெருக்காரிகளின் நடை, அவர்கள் கணவன்மார்களின் தும்மல் எல்லாம் செய்து முடித்த பிறகும் "இன்னும், இன்னும்" என்றார்கள். நான் இரண்டு விரலில் இரண்டு காபிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி கையை ஆட்டினேன். "இது யாரு? எங்க வீட்டு மருமக. ஊசி எங்க வருதுன்னு விரலைக் கேக்க மாட்டா, பூணைக் கேப்பா." கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பர்கேயும் மூலையில் இருந்தாள். வாயைத் திறந்து சிரித்தாள், பல் மட்டும்.

ஸாவ்தா சிரிக்கவில்லை. "இடது கையிலயா? எந்த விரல்?" என்றாள்.

நான் விரலை நீட்டிக் காட்டினேன். அதோடு நின்றேனா? இன்னும் கொஞ்சம் சிரிப்பு கிடைக்கும் என்று ஏழு புள்ளியையும் சொன்னேன். பணியாரச் சட்டியில் விரல் வெந்ததையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போதுதான் சிரிப்பு ஓரிடத்தில் நின்று, இன்னோர் இடத்தில் நின்று, கடைசியில் என் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. பர்கேயின் பக்கத்தில் இருந்தவள் தன் மேல்துணியை இழுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பர்கே கதவைச் சாத்திவிட்டு, பித்தளைப் பூணைக் கழற்றி விரலை என் முன்னால் நீட்டினாள். நுனி வெடித்து வெளுத்திருந்தது. "குத்திப் பாருங்க" என்றாள். நான் மாட்டேன் என்றேன். அவளே ஊசியை எடுத்துப் பாதிவரை இறக்கினாள். இமைகூட ஆடவில்லை. பிறகு சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அளவு ஒரு வெளிறிய திட்டு.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மழைக்காலம்."

"லாலிக்குத் தெரியுமா?"

"கடல்ல இருக்கிறவருக்கு என்ன தெரியும். உங்களுக்கே தெரியல."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். "சும்மா இருங்க வீஃபி, அழுது ஒண்ணும் ஆகாது" என்றாள். "ஃபமாவு வருவார். தண்ணி சுமக்கிறவன் பொண்டாட்டிக்கு வந்தாரே, அதே மாதிரிதான். கோழி இறகாலயும் குண்டூசியாலயும் தொட்டுத் தொட்டுக் கேப்பார். எல்லாத்துக்கும் தெரியுதுன்னு சொல்லிட்டா தேமல்னு எழுதிட்டுப் போயிடுவார். தெரியலன்னா பெருநோய்னு அக்கரைக்கு அனுப்பிடுவார். ராயாவை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன். நீங்க ஒரு உதவி பண்ணணும்."

எங்கள் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டோம். பர்கே திரைக்கு உள்ளே இருப்பாள், கையை மட்டும் வெளியே நீட்டுவாள். வயதான பெண் என்ற முறையில் நான் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வெளியே உட்காரலாம். மடியில் தொப்பித் துணியும் தகர ஊசி டப்பாவும் இருக்கும். அவர் இறகால் தொட்டால் நான் பூணால் டப்பாவை ஒரு தட்டு, குண்டூசி என்றால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அவள் உள்ளிருந்து 'ம்' என்பாள். பூண் சத்தம் எங்கள் ஊரில் காக்கைச் சத்தம் மாதிரி, எந்த ஆணும் காதில் வாங்க மாட்டான். சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும், பற்ற வைத்தவளே நான்தானே.

இரண்டு நாள் கழித்து, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் ஃபமாவு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. "தப்பா நினைக்காதீங்க ஷம்ஸா. தெருவுல பேச்சு வந்துடுச்சு, பாக்காம விட்டா என் தலை போயிடும்" என்றார். திரைக்கு வெளியே பாய் விரித்தேன். பர்கேயின் இரண்டு கையும் முழங்கைவரை வெளியே வந்தன. மருதாணி போட்டிருந்தாள், வெடிப்புத் தெரியாமல் இருக்க. திட்டை முதலில் பார்த்தார். "தேமலாவும் இருக்கலாம். விரல்ல உணர்ச்சி இருந்தா தேமல்தான்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

வலது கைக்கு என் தட்டு தேவைப்படவில்லை. இருந்தாலும் தட்டினேன். பிறகு இடது கை. சுண்டு விரலில் இறகு. தட்டினேன். "ம்." மோதிர விரலில் இறகு. தட்டினேன். "ம்." அதே விரலில் குண்டூசி. இரண்டு முறை தட்டினேன். "ம், குத்துது" என்றாள், கொஞ்சம் முனகலோடு. கெட்டிக்காரி. ஃபமாவு தலையை ஆட்டி ஏதோ எழுதினார். நடுவிரல் முடிந்தது. பெருவிரல் முடிந்தது. ஆள்காட்டி விரல் ஒன்றுதான் பாக்கி.

அப்போது ராயா முற்றத்திலிருந்து ஓடி வந்தாள். அம்மாவைக் காணோம், திரையிலிருந்து அம்மாவின் கை மட்டும் தொங்குகிறது. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பினாள். அந்த வெடிப்பு, அந்த வெளுத்த நுனி, குழந்தையின் நாக்கில். உள்ளே பர்கே அசையவே இல்லை. தன் குழந்தை தன் விரலை வாயில் வைத்திருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

"பிள்ளையைக் கூப்பிட்டுக்கோங்க" என்றார் ஃபமாவு. நான் ராயாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாயை என் அங்கியால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி அம்மாவின் வயிற்றோடு ஒட்டிப் படுக்கிற குழந்தை. அம்மா பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுகிற குழந்தை.

"இப்ப?" என்றார் ஃபமாவு. குண்டூசி ஆள்காட்டி விரலில் இறங்கியிருந்தது.

நான் தட்டவில்லை.

குழந்தை மடியில் இருந்தது, கை ஒழியவில்லை என்று பிறகு லாலியிடம் சொன்னேன். பொய். கை ஒழிந்துதான் இருந்தது. பூண் டப்பாவுக்கு ஒரு விரல்கடை மேலே இருந்தது. ஃபமாவு ஊசியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒரு சொட்டு ரத்தம் மருதாணியின் மேல் வந்து நின்றது. திரைக்கு உள்ளே அவள் என் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"வீஃபி" என்றாள் உள்ளிருந்து. "இருக்கீங்களா?"

ஃபமாவு நிமிர்ந்து என் விரலைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். குண்டூசியைப் பஞ்சால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, காகிதத்தை என் முன்னால் மடித்தார். "நாளை மறுநாள் காலையில படகு. பாயையும் தலையணையையும் எரிச்சுடுங்க" என்றார்.

அந்த இரண்டு நாளும் நான் அவள் அறைப்பக்கம் போகவில்லை. ராயாவை என்னோடு வைத்துக்கொண்டேன். போகிற நாள் காலையில் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. இங்கே வா. நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன், ஊதிக்கொண்டே இருந்தேன். மறுபடி இரண்டு. மூன்றாம் தடவை கேட்டபோதுதான் போனேன். மரப்பெட்டி கட்டியிருந்தது. பர்கே என்னை உள்ளே கூப்பிடாமல், தானே வாசற்படிக்கு வெளியே வந்து நின்றாள்.

"ராயாவுக்குத் தலைக்கு எண்ணெய் ஒரு பூண் போதும், அதுக்கு மேல ஊத்தினா சளி பிடிக்கும். மீன்ல முள் எடுத்துக் குடுங்க. தைக்கப் பழகும்போது விரல்ல குத்திக்கும், திட்டாதீங்க."

"பர்கே, நான் அன்னைக்கு..."

"எனக்குக் கோவம் இருக்கு வீஃபி. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளையை உங்ககிட்டதானே விட்டுட்டுப் போறேன். கோவத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது."

வெள்ளிப் பூணோடு போனாள். பித்தளையை மாடத்தில் விட்டுப் போனாள், அங்கே போய் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று ஃபமாவு சொன்னாராம். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. செப்புத் தட்டுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். ராயாவை மாடிக்குக் கூட்டிப்போய் வேறு பக்கத்துக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தேன், படகு போகும்வரை.

லாலி தென்காற்றோடு வந்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டான். கை ஒழியவில்லை என்ற இடத்தில் மட்டும் என் முகத்தைப் பார்த்தான். அக்கரைக் குடியிருப்புக்கு மூன்று தடவை போய்வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவள். நோயாளிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறாளாம். அங்கே இருக்கிற குழந்தைகளுக்குக் கசப்பு எண்ணெய் மருந்தை அந்த வெள்ளிப் பூணால்தான் அளந்து கொடுக்கிறாளாம். "அங்க தைக்கிறவங்க எல்லாரும் ரெண்டு கையிலயும் போட்டிருக்காங்க அக்கா. யாரும் சிரிக்கிறதில்லை" என்றான். என்னைக் குத்தத்தான் சொன்னான். நாலாவது தடவை போகவில்லை. மலிந்தியில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஆண்பிள்ளை, என்ன செய்வான் என்று தெருவில் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவனும் ஓடினான், நானும் ஓடினேன். எனக்கு ஓட இடம் இல்லாததால் வீட்டிலேயே இருக்கிறேன்.

நான்காம் வருஷம் பர்கே காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் ஆன பிறகுதான் சேதி வந்தது. ஃபமாவு வெள்ளிப் பூணை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "வெந்நீர்ல கொதிக்க வெச்சாச்சு, பயப்படாதீங்க" என்றார். கொதிக்க வைத்தும் அந்த எண்ணெய் வாசனை போகவில்லை. ராயா அதை உதட்டில் வைத்து ஊதப்போனாள். பிடுங்கிக்கொண்டேன்.

ராயாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வெள்ளிப் பூண் அவள் விரலுக்குச் சரியாக ஆகிவிட்டது. அம்மாவின் கை அப்படியே வந்திருக்கிறது. தேங்காய் துருவக் கூப்பிட்டால் சட்டென்று பூணை மாட்டிக்கொள்வதுகூட வந்திருக்கிறது, யார் சொல்லிக் கொடுத்தார்களோ. இந்த வருஷம் முதன்முதலாக ஒரு முழுத் தொப்பி அவளாகவே தைத்தாள். போன வெள்ளிக்கிழமை முடித்து என் மடியில் போட்டாள்.

"பாருங்க அத்தே, ஒரு கோணல் கண்டுபிடிங்க பாக்கலாம்."

கோணல் இல்லை. உள்பக்கத்து விளிம்பில் மூன்று புள்ளி இருந்தது. பழுப்பாக.

"ராயா, இங்க குத்திக்கிட்டியா?"

அவள் குனிந்தாள். "எங்க?" என்றாள்.

என் எச்சிலைத் தொட்டு வைத்தேன். போகாது என்று தெரியும், வைத்தேன். பிறகு அவள் இடது கையை என் மடியில் எடுத்துக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்து, எதிர்வீட்டு ஆடு காலையில் யாருடைய துணியையோ தின்றுவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஊசியை எடுத்து அவள் ஆள்காட்டி விரலில் தொட்டேன். அழுத்தினேன். ஆடு துணியோடு எந்தப் பக்கம் ஓடியது, யார் துரத்தினார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

மனிதர்கள் செய்கிற பாவத்துக்கு ஏதாவது ஒரு லாபமாவது இருக்க வேண்டும். குழந்தையைக் காப்பாற்றத்தான் அன்றைக்குக் கையை நிறுத்தினேன் என்று எட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

எழுந்துபோய் மாடத்தில் செப்புத் தட்டுகளை நகர்த்தினேன். பித்தளைப் பூண் கறுத்துக் கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அவள் இடது விரலில் மாட்டினேன்.

"இடது கையிலயா?" என்று சிரித்தாள். "நண்டு மாதிரி இருக்கு அத்தே. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கேட்டா, எங்க வீட்டுப் பழக்கம்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. எங்கயும், யார்கிட்டயும்."

மறுநாள் இந்தியர் கடைக்கு ஆள் அனுப்பி இன்னொரு பித்தளைப் பூண் வாங்கினேன். அது என் இடது விரலுக்கு. இப்போது நாங்கள் இருவரும் இரண்டு கையிலும் பூண் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைக்கிறோம். நேற்று ஸாவ்தா சந்தில் போகிறவள் நின்று எங்கள் கைகளையே பார்த்தாள். "என்ன ஷம்ஸா, இது உங்க வீட்டுல புதுப் பழக்கமா?" என்றாள்.

எனக்கு ஆயிரம் பதில் தெரியும். ஒன்றும் சொல்லாமல் குனிந்து தைத்தேன். ஊசி எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.